போலீஸ் இல்லாத சட்டம் சட்டமா?

சர்வதேசச் சட்டம் பற்றி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது படையெடுக்கிறது, ஐ.நா. கண்டிக்கிறது, யாரும் கைதாவதில்லை. மீறினால் தண்டனை இல்லாத ஒன்றைச் சட்டம் என்று ஏன் சொல்ல வேண்டும்? சட்டம்தான் என்றால், நம் மீனவர்கள் விஷயத்தில் இலங்கையைச் சர்வதேச நீதிமன்றத்தில் நிறுத்த இந்தியா ஏன் முயலவில்லை? கேட்டவருக்குச் சட்டத்தின் இலக்கணம் தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன். மூன்று சந்தேகங்களை ஒன்றாகக் கட்டிக் கேட்டிருக்கிறார். கட்டாயப்படுத்த ஆள் கிடையாது, பெரிய நாடுகள் கேட்பதில்லை, நமக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. முதலாவது பலவீனமான வாதம், இரண்டாவது பலமானது, மூன்றாவதில் பாதி உண்மை.

நான் சென்னையில் கப்பல் வழக்குகள் நடத்துகிறவன். சர்வதேசச் சட்டத்தோடு எனக்குள்ள பழக்கம் சரக்கு, மோதல், மாலுமிகளின் சம்பள பாக்கி, கப்பலை அரெஸ்ட் செய்வது என்ற வழியாக வந்தது. போர்ச் சட்டமும் இனப்படுகொலை வழக்குகளும் எனக்குப் படிப்பறிவுதான், அவற்றில் வாதாடியதில்லை. அந்தப் பகுதிகளில் நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சந்தேகத்துக்கு வயது ஏறக்குறைய இருநூறு. 1832-இல் ஜான் ஆஸ்டின் என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர், இறையாண்மை உள்ள ஒருவர் தனக்குக் கீழே இருப்பவர்களுக்கு இடும் கட்டளையே சட்டம், மீறினால் தண்டனை உண்டு என்பதே அதன் அடையாளம் என்றார். நாடுகளுக்கு மேலே அப்படி ஒருவர் இல்லை. ஆகவே நாடுகளுக்கிடையே இருப்பது வெறும் ஒழுக்கவிதி என்று ஒதுக்கினார். கேட்டவர் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் ஆஸ்டின் நேர்மையானவர், தன் வாதத்தைப் பாதியில் நிறுத்தவில்லை. இறையாண்மை உள்ளவரையே கட்டுப்படுத்துவதாகச் சொல்லும் அரசியலமைப்புச் சட்டமும் அந்த அளவில் ஒழுக்கவிதிதான் என்றார். அவர் கணக்குப்படி ஐ.நா. சாசனம் சட்டம் இல்லை என்றால், ஓர் அரசைக் கட்டுப்படுத்தும் எந்தச் சட்டத்துக்கும் அதே கதிதான். இதுவரை வர நம்மில் எத்தனை பேர் தயார்?

காவிரியை நினைத்துப் பாருங்கள். 1991 ஜூனில் நடுவர் மன்றம் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. அடுத்த மாதமே அதைச் செல்லாக்காசாக்க கர்நாடகம் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த அவசரச் சட்டம் செல்லாது என்று நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியும் பிரச்சினை தீரவில்லை. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தண்ணீர் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, இருக்கிற தண்ணீர் குடிப்பதற்கு மட்டும் என்று கர்நாடகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. உச்ச நீதிமன்றம் எந்தப் போலீஸை அனுப்பி மதகைத் திறக்கும்? ஒரே நாடு, ஒரே அரசியலமைப்பு, மேலே ஒரு உச்ச நீதிமன்றம் என எல்லாம் இருந்தும் இப்படி. இதைப் பார்த்துவிட்டு இந்திய அரசியலமைப்பே சட்டம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. சட்டத்தை மீறிவிட்டார்கள் என்றுதான் சொன்னோம்.

நாம் வழக்கமாகச் சர்வதேசச் சட்டத்தைத் திருட்டு வழக்கோடு ஒப்பிடுகிறோம். சரியான ஜோடி அதுவல்ல. அதிகாரம் கையில் உள்ளவர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே பலவீனத்தோடுதான் இருக்கிறது. தனியாள் விஷயத்தில்கூட, தீர்ப்பு வாங்கியவர்களைக் கேட்டால் தெரியும். இந்தியாவில் வழக்காடுகிறவனுக்குக் கஷ்டமே தீர்ப்பாணை (டிக்ரி) வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது என்று பிரிட்டிஷ் ஆட்சிக்கால உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1872-லேயே சொல்லிவிட்டது. 1961-இல் ஹெச்.எல்.ஏ. ஹார்ட் என்ற ஆங்கிலேயச் சட்டத் தத்துவ அறிஞர் ஆஸ்டினுக்குப் பதில் எழுதினார். கட்டளையும் தண்டனையும் சட்டத்தின் சாரம் இல்லை, ஒரு விதியை உள்ளேயிருந்து ஏற்று, மீறினால் கண்டிக்க அதையே காரணமாகக் காட்டுகிறார்களா என்று பாருங்கள் என்றார். அதே ஹார்ட், சர்வதேசச் சட்டத்தில் விதிகள் இருக்கின்றன, அவற்றை மாற்றவும் தீர்ப்புச் சொல்லவும் ஒழுங்கான ஏற்பாடு இன்னும் முழுமையாக இல்லை என்றும் சொன்னார். அறுபது வருடங்களுக்கும் மேலாகியும் இந்தக் கணிப்பு பெருமளவு நிற்கிறது.

தத்துவம் போதும். என் தொழிலுக்கு வருகிறேன். விபத்து இழப்பீடு கொடுக்காத வழக்கில் அரசுப் பேருந்தை கோர்ட் அமீனா ஜப்தி செய்த செய்தி நம் ஊர்ப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும். 2012 அக்டோபரில் கானா நாட்டின் தேமா துறைமுகத்தில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. 2001-இல் கடனைத் திருப்பித் தர முடியாமல் கைவிரித்தது அர்ஜென்டினா. அதன் கடன் பத்திரங்களை வைத்திருந்த ஓர் அமெரிக்க முதலீட்டு நிதியத்தின் கிளை நிறுவனம், அர்ஜென்டினாக் கடற்படையின் பயிற்சிக் கப்பலான 'லிபர்டாட்' தேமாவுக்கு வந்ததும் உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போய் அதைப் பிடித்து வைத்தது. பேருந்து மாதிரி போர்க்கப்பலை ஜப்தி செய்ய முடியாது, அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று அர்ஜென்டினா ஹம்பர்க்கில் உள்ள சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. டிசம்பர் 15 அன்று கப்பலை விடுவிக்கும்படி தீர்ப்பாயம் ஒருமனதாக உத்தரவிட்டது. டிசம்பர் 19 அன்று கப்பல் கிளம்பிவிட்டது. அந்தத் தீர்ப்பாயத்திடம் ஒரு படகுகூடக் கிடையாது, ஒரு காவலர் கிடையாது. நான்கே நாளில் உத்தரவு நிறைவேறியது. நம் ஊர் சிவில் கோர்ட்டில் நிறைவேற்ற மனு போட்டுக் காத்திருக்கும் கட்சிக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

கானா ஏன் கீழ்ப்படிந்தது? அதுவும் துறைமுகம் வைத்திருக்கிற நாடு, அதன் கப்பல்களும் வெளியே போக வேண்டும், வழக்கில் தோற்ற நாடு என்பதைவிட உத்தரவை மீறிய நாடு என்ற பெயர் மோசமானது. இப்படிக் காரணம் அடுக்கலாம். அவற்றுள் எது எவ்வளவு கனமானது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கல்வித்துறையில் பெரிய சண்டையே இதில்தான். அநேகமாக எல்லா நாடுகளும் அநேகமாக எல்லா விதிகளையும் அநேகமாக எல்லா நேரமும் பின்பற்றுகின்றன என்று அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் லூயி ஹென்கின் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். சட்டம் இருப்பதால் பின்பற்றுகின்றனவா, எப்படியும் செய்ய நினைத்ததைத்தான் சட்டமாக எழுதிவைத்திருக்கின்றனவா என்று எதிர்த்தரப்பு கேட்கும். நியாயமான கேள்வி, முடிவாகாத கேள்வி. ஆனால் சிவப்பு விளக்கில் நாம் நிற்பது சட்டத்துக்காகவா, லாரிக்குப் பயந்தா என்பதும் முடிவாகாத கேள்விதான்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. சர்வதேச விதிகளுக்குப் போலீஸ் இல்லை என்பதே பாதி தவறு. ஒவ்வொரு நாட்டு அதிகாரியும் அதற்குப் போலீஸாக இருக்கிறார். பனாமாக் கொடி, கிரேக்க முதலாளி, பிலிப்பைன்ஸ் மாலுமிகள் என்று ஒரு கப்பல் எண்ணூருக்கு நிலக்கரி கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிர்காப்புப் படகு கீழே இறங்கவில்லை என்றால் நம் அதிகாரி அதைத் துறைமுகத்திலேயே நிறுத்திவைப்பார். அவர் கையில் இருப்பது டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-இல் தொடங்கி, 1974-இல் இப்போதைய வடிவம் பெற்ற கடல் பாதுகாப்பு உடன்படிக்கை. நம் நீதிமன்றங்களும் அப்படித்தான். 1992-இல் 'எம்.வி. எலிசபெத்' என்ற வெளிநாட்டுக் கப்பலின் வழக்கில், கப்பல் அரெஸ்ட் பற்றிய 1952-ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடாதபோதும் அதன் கொள்கைகளை உச்ச நீதிமன்றம் துணைக்கு எடுத்துக்கொண்டது. அதை வைத்துத்தான் எங்கள் தொழில் 2017-இல் புதிய சட்டம் வரும்வரை ஓடியது. 1997-இல் விசாகா வழக்கு இன்னும் ஒரு படி மேல். பணியிடத்தில் பாலியல் தொல்லை பற்றி இந்தியாவில் தனிச்சட்டம் இல்லாத நாளில், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை ஆதாரமாக வைத்து நீதிமன்றமே விதிமுறை வகுத்தது. ஓர் அலுவலகத்தில் அந்தப் புகார்க் குழு முன்னால் போய் உட்கார்ந்த பெண்ணுக்கு, இதன் வேர் ஒரு சர்வதேச உடன்படிக்கையில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

நமக்கு நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தொலைவில், 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் இருந்த கடற்படை வீரர்கள், கடற்கொள்ளையர் என்று நினைத்ததாகச் சொல்லி 'செயின்ட் ஆன்டனி' படகின் மீது சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள், ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். கரையிலிருந்து 12 மைல் வரைதான் நம் எல்லைக் கடல். அதற்கு வெளியே நடந்த கொலைக்கு யார் விசாரிப்பது என்பதே முழு வழக்கும். 2013-இல் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்புவார்கள் என்று இத்தாலியத் தூதர் எழுதிக்கொடுத்த உறுதியின் பேரில் இரு வீரர்களும் ஊருக்குப் போனார்கள். இனி அனுப்ப மாட்டோம் என்று இத்தாலி அறிவித்தது. உடனே நம் உச்ச நீதிமன்றம் அந்தத் தூதர் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்று உத்தரவிட்டது. தூதர்களுக்கு விலக்குரிமை தரும் 1961 வியன்னா உடன்படிக்கை என்ன ஆனது என்று கேட்கக்கூடிய இடம் இது. நாம் சட்டத்தைக் காப்பாற்றுகிற பக்கம், அவர்கள் மீறுகிற பக்கம் என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. கடைசியில் வீரர்கள் திரும்பி வந்தார்கள்.

விஷயம் பிறகு நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2020-இல் தீர்ப்பு. இந்திய மீன்பிடிப் படகின் கடற்பயணச் சுதந்திரத்தை இத்தாலி மீறியது, இழப்பீடு தர வேண்டும். ஆனால் வீரர்கள் அரசுப் பணியில் இருந்தவர்கள், அவர்களை இந்தியா குற்ற விசாரணை செய்ய முடியாது. இந்த இரண்டாவது பகுதி மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில்தான் தேறியது. இந்தியா ஏற்றுக்கொண்டது. இத்தாலி 10 கோடி ரூபாய் கட்டியது, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. இரண்டு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. இத்தாலியில் நடக்க வேண்டிய குற்ற விசாரணையை 2022-இல் ரோம் நீதிமன்றம் முடித்துவைத்துவிட்டது. இதை நீதி என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. ஆனால் சட்டம் வேலை செய்தது. இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்ற உத்தரவாதம் எழும்பூர் கோர்ட்டிலும் இல்லை.

இப்போது பலமான சந்தேகத்துக்கு வருகிறேன். 1984-இல் நிகரகுவா என்ற சின்ன நாடு அமெரிக்கா மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தன் துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்ததாகவும் கிளர்ச்சிப் படைக்குப் பணமும் பயிற்சியும் கொடுத்ததாகவும் புகார். வழக்கை விசாரிக்க அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் சொன்னதும் அமெரிக்கா வெளிநடப்பு செய்தது. 1986 ஜூனில் தீர்ப்பு அமெரிக்காவுக்கு எதிராக வந்தது. தீர்ப்பை நிறைவேற்ற வைக்கப் பாதுகாப்பு சபைக்குப் போகலாம் என்று ஐ.நா. சாசனத்தின் 94-ஆம் பிரிவு சொல்கிறது. நிகரகுவா போனது. அமெரிக்கா வீட்டோ போட்டது. 1990-இல் ஆட்சி மாறிய பிறகு நிகரகுவாவே வழக்கைக் கைவிட்டது. தென்சீனக் கடலில் 2016 ஜூலையில் பிலிப்பைன்ஸுக்குச் சாதகமாக வந்த நடுவர் தீர்ப்பைச் சீனா ஏற்கவேயில்லை. உக்ரைனில் ராணுவ நடவடிக்கையை நிறுத்தும்படி 2022 மார்ச் 16 அன்று சர்வதேச நீதிமன்றம் 13-க்கு 2 என்ற கணக்கில் உத்தரவிட்டது. போர் தொடர்ந்தது. பாதுகாப்பு சபையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் போர் விஷயத்தில் நடைமுறையில் தண்டனைக்கு அப்பாற்பட்டவர்கள். இதில் சந்தேகமே இல்லை. 1945-இல் சாசனத்தை அப்படித்தான் எழுதினார்கள். அது ஓட்டை இல்லை, கட்டடத்தின் அமைப்பே அதுதான்.

இதே தீர்ப்புகளின் மறுபக்கம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று அநேகமாக எந்தப் பெரிய நாடும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. 2003-இல் இராக் மீது படையெடுத்தவர்கள் பாதுகாப்பு சபையின் பழைய தீர்மானங்களைக் காட்டினார்கள். 2022-இல் ரஷ்யா ஐ.நா. சாசனத்தில் தற்காப்புரிமை பற்றிய 51-ஆம் பிரிவைக் காட்டியது. பொய்யான சாக்கு என்பீர்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நிகரகுவா தீர்ப்பிலேயே நீதிமன்றம் கவனித்த விஷயம் இது: மீறுகிற நாடு விதிவிலக்கைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தால், அது விதியை உறுதிப்படுத்துகிறதே தவிர பலவீனப்படுத்துவதில்லை. இந்த வாதம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. சாக்குச் சொல்வதுகூட நின்றுபோகும் நாள் வந்தால், போர் தொடுப்பதற்கு எதிரான விதி சட்டமாக இருக்கிறதா என்ற கேள்விக்கு என் பதிலும் மாறும்.

பெரிய நாடுகள் இல்லாத இடத்தில் கதை வேறு. ஆப்பிரிக்காவில் நைஜீரியாவும் கேமரூனும் உரிமை கோரிய பக்காசி தீபகற்பம் எண்ணெய் வளம் உள்ள பகுதி. அங்கே வசித்தவர்கள் பெரும்பாலும் தங்களை நைஜீரியர்களாகக் கருதியவர்கள், ராணுவ பலத்திலும் நைஜீரியாவின் கைதான் ஓங்கியிருந்தது. 2002-இல் அது கேமரூனுக்குச் சொந்தம் என்று சர்வதேச நீதிமன்றம் சொன்னது. நைஜீரியா முதலில் முரண்டு பிடித்தது. அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் நடுவில் நின்று பேச, 2006-இல் ஓர் ஒப்பந்தம், 2008 ஆகஸ்டில் கைமாற்றம். நம் பக்கத்திலும் 2014-இல் வங்காள விரிகுடாவில் தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 நடுவர் தீர்ப்பின்படி வங்கதேசத்துக்குப் போனது. இந்தியா முணுமுணுக்காமல் ஏற்றது. பலருக்கு அந்தச் செய்தி வந்ததே நினைவிருக்காது.

என்னைக் கேட்டால், போலீஸ் இல்லை என்பதைவிட ஆழமான குறை இன்னொன்று. 1946 முதல் 1948 வரை டோக்கியோவில் ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த நீதிபதிகளில் ஒருவர் வங்காளத்தைச் சேர்ந்த ராதாபினோத் பால். குற்றம் சாட்டப்பட்ட 25 பேரையும் விடுவிக்க வேண்டும் என்று அவர் மட்டும் எழுதினார். ஜப்பான் செய்த கொடுமைகளை அவர் மறுக்கவில்லை. வென்றவர்கள் தோற்றவர்களுக்காகப் பிறகு எழுதிக்கொண்ட குற்றத்தைச் சட்டம் என்று எப்படிச் சொல்வது, ஆசியாவைப் படையெடுத்துப் பிடித்தவர்கள் எப்படி நீதிபதிகளாக உட்கார முடியும் என்றார். அவர் முடிவை நான் ஏற்கவில்லை. கேள்வியை ஏற்கிறேன். சட்டம் என்றால் ஒரே தவறுக்கு ஒரே அளவுகோல் இருக்க வேண்டும். அந்த அளவுகோல் பலவானுக்கு வளைகிறது என்பதுதான் சர்வதேசச் சட்டத்தின் மீது வைக்கக்கூடிய கனமான குற்றச்சாட்டு.

கடைசியாக மீனவர் விஷயம். சர்வதேச நீதிமன்றத்துக்கு யாரும் யாரையும் இழுக்க முடியாது, இரு தரப்பும் ஏதோ ஒரு வகையில் முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும். இந்தியா 1974-இல் கொடுத்த சம்மதத்தில், காமன்வெல்த் நாடுகளோடு உள்ள தகராறுகள் வராது என்று விலக்கு வைத்தது. 2019-இல் புதுப்பித்தபோதும் அந்த விலக்கு இருக்கிறது. 1999-இல் தன் கடற்படை விமானத்தை இந்தியா சுட்டு வீழ்த்தியதற்காகப் பாகிஸ்தான் போட்ட வழக்கு 2000-இல் இந்தக் காரணத்தால்தான் விசாரணைக்கே வராமல் போனது. நாம் போட்ட பூட்டு நமக்கும் பூட்டுதான். இலங்கை காமன்வெல்த் நாடு. பாகிஸ்தான் உளவாளி என்று பிடித்துவைத்த இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் பாகிஸ்தானை இந்தியா நிறுத்தி 2019-இல் வென்றது எப்படி என்றால், தூதரக உறவுகள் உடன்படிக்கையோடு சேர்ந்த தனி நெறிமுறை ஒன்றில் இரு நாடுகளும் ஏற்கெனவே சம்மதித்திருந்தன. மீன்பிடிக்கு அப்படி ஒரு குறுக்குவழி எளிதாக இல்லை.

வழி இருந்தாலும் வழக்கு நமக்குச் சாதகமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 1976-இல் இரு நாடுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பதில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நமக்கு உதவக்கூடிய விதி ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73-ஆம் பிரிவு. தனிப்பொருளாதார மண்டலத்தில், அதாவது எல்லைக் கடலுக்கு அப்பால் மீன்வளம் கரை நாட்டுக்கே உரிய கடற்பகுதியில், மீன்பிடி விதியை மீறியவர்களுக்குச் சிறை கூடாது, நியாயமான பிணையில் படகையும் ஆட்களையும் சீக்கிரம் விட வேண்டும் என்கிறது. இரு நாடுகளும் அதில் உறுப்பினர்கள். சிக்கல் என்னவென்றால், பாக் விரிகுடாவை 1974 ஒப்பந்தமே வரலாற்று நீர்ப்பரப்பு என்று பெயரிட்டுப் பிரித்துக்கொண்டது, தனிப்பொருளாதார மண்டலம் என்று அல்ல. அங்கே 73-ஆம் பிரிவு பொருந்தும் என்று வாதாட முடியும், வெல்லும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். இப்போதைக்கு ராமேசுவரத்துப் படகின் கதி தீர்மானிக்கப்படுவது ஊர்காவற்றுறை, மன்னார் நீதவான் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றங்களில், வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் பற்றிய இலங்கையின் 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. 2018-இல் அதைத் திருத்தி அபராதத்தைப் பெருமளவு கூட்டினார்கள். இந்த விஷயத்தில் அக்கறை உள்ளவர்கள் சர்வதேச நீதிமன்றம் இருக்கும் ஹேக் பக்கம் பார்ப்பதற்கு முன் அந்தத் திருத்தத்தைப் படித்துவிடுவது நல்லது.